எளிதில் காணக்கூடிய வரி

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைப் பெற்றுக்கொண்ட தேர்வாளர் ஆறு மாதத்துக்குள் தன் அறிக்கையை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பல்கலைக்கழகம் அவருக்கு நினைவூட்ட வேண்டும். நினைவூட்டியும் அசையாவிட்டால் அவரை விட்டுவிட்டு வேறொருவரை நியமிக்க வேண்டும். அந்தக் காலத்து விதி இது. மூன்று வாக்கியம், மூன்று ‘வேண்டும்’. ஒரு விதியில் இந்தச் சொல் இத்தனை தடவை வந்தால் அதன்படி யாரும் நடக்கப்போவதில்லை என்பது என் அனுபவம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சூப்பிரண்டாக ஓய்வுபெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த வழியாகப் போகும், எந்த மேசையில் உறங்கும், அதை எந்தக் கடிதம் எழுப்பும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஞானத்தால் உலகத்துக்கு அதிகப் பயன் விளைந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் மேலே சொன்ன விதி ஒரே ஒரு மனிதருக்காவது ஒழுங்காக நடந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். அவர் எங்கள் கணித விரிவுரையாளர். பெயர் வேண்டாம். மாணவர்கள் அவரை ‘இருக்கா சார்’ என்பார்கள். அதுவே போதும்.

பெயர்க் காரணம் பஸ் நிலையத்தில் நின்றால் தெரியும். சனிக்கிழமை மாலை அவர் நிலக்கோட்டைப் பக்கம் இருந்த சொந்த ஊருக்குப் போவார். டைம்கீப்பருக்கும் அவருக்கும் வாரந்தோறும் ஒரே வழக்கு.

“நிலக்கோட்டை வண்டி இருக்கா?”

“அஞ்சே காலுக்கு சார்.”

“நேரம் அப்புறம். வண்டி இருக்கா?”

“இல்லாத வண்டிக்கு யாரு சார் நேரம் சொல்லுவா?”

“நீங்கதான். போன வாரம் சொன்னீங்க. நானும் அந்த நேரத்துக்குத்தான் நின்னேன்.”

டைம்கீப்பர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் விசாரித்துவிட்டு வருவார். “பஸ் ஷெட்டுலருந்து கெளம்பிருச்சு சார். வண்டி இருக்கு. போதுமா?”

“போதும். எப்ப வந்தாலும் சரி.”

அவர் அதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த மனிதர் வெயிலில் எவ்வளவு நேரமும் நிற்பார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. தெரியாவிட்டால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. கைக்குட்டையை எடுத்து நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். காத்திருப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இல்லாத ஒன்றுக்காகக் காத்திருக்கிறோமோ என்ற சந்தேகம்தான் ஆளைத் தின்றது.

ஒரு தடவை மாணவன் ஒருவன், விடை சரியாக இருந்தும் இருக்கா சார் பூஜ்யம் போட்டுவிட்டார் என்று பிரின்சிபாலுக்கு மனு எழுதிக் கொடுத்தான். நடைமுறைப்படி நான் அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். எழுதித் தராமல் நேரே வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“சார், உலகத்துலயே பெரிய முழு எண் எது?”

“அப்படி ஒண்ணு கிடையாதே.”

“ஒண்ணுதான் பெரிசு. நிரூபிக்கிறேன். எல்லாத்துலயும் பெரிய எண் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கங்க. அதை அதாலேயே பெருக்கினா அதைவிடப் பெரிசா ஒண்ணு வரக் கூடாது. ஏன்னா அதுதானே பெரிசு? சரி, தன்னாலேயே பெருக்கினாலும் பெரிசாகாத எண் எது? ஒண்ணு. ரெண்டைப் பெருக்கினா நாலாயிரும், மூணைப் பெருக்கினா ஒம்பதாயிரும். ஆகவே உலகத்துலயே பெரிய எண் ஒண்ணு. எங்க தப்பு?”

நான் ஒரு தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்தேன். பெருக்கலில் தப்பில்லை.

“இருக்குன்னு வெச்சுக்கிட்டோம் பாருங்க, அங்கதான்,” என்றார். “அந்தப் பையனும் விடை இருக்குன்னு வெச்சுக்கிட்டுத்தான் தேடப் போயிருக்கான். இந்தத் தடவை கிடைச்சிருச்சு. அடுத்த தடவை ஒண்ணுதான் பெரிசுன்னு வந்து நிப்பான்.”

விளக்கம் ஏற்கப்பட்டது என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடினேன். ஆனால் அது என்னைத் தொந்தரவு செய்தது. எங்கள் அலுவலகத்தில் முக்கால்வாசிக் காரியம் ‘இருக்கிறது என்று வைத்துக்கொண்டு’ நடப்பதுதான். கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியர் என்று ஒரு பதவி இருந்தது. அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு விசிலும் இருந்தன. ஆள் மட்டும் இல்லை.

அவருடைய ஆய்வும் இதே கேள்விதான். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் பொருள் என்னவென்று பிரின்சிபாலுக்குப் புரியும்படி இரண்டு வரி எழுத வேண்டும். நான் தலைப்பைப் படித்தேன். கடந்த காலத்தைச் சார்ந்த, நேரியலற்ற வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு இருத்தல். பிரின்சிபால் தாவரவியல்காரர். எனக்கே புரியவில்லை என்று சொன்னேன்.

“மல்லியப் பூவை எடுத்துக்கங்க,” என்றார். அவர் வீட்டில் மல்லிகைத் தோட்டம் உண்டு. “இன்னைக்குச் சந்தைக்கு எம்புட்டுப் பூ வருதுங்கறது இன்னைக்கு விலையைப் பொறுத்ததில்ல. செடியைக் கவாத்து பண்ணி வெட்டி விட்டப்ப என்ன விலை இருந்துச்சோ, அதைப் பொறுத்தது. அப்ப நல்ல விலைன்னு எல்லாரும் வெட்டி விட்டிருப்பான், இப்ப பூ கொட்டும், விலை விழும். அதாவது இன்னைக்கு நடக்கற மாற்றம் என்னைக்கோ இருந்த நிலையைப் பார்த்து நடக்குது. மத்த சமன்பாட்டுக்கு இப்ப எங்க நிக்கிறோம்னு சொன்னாப் போதும். இதுக்கு எப்படி வந்து சேர்ந்தோம்னு பழைய கதையை முழுசாச் சொல்லணும்.”

“எங்க ஆபீஸ் மாதிரி,” என்றேன். “முன்கோப்பு இல்லாம முடிவு கிடையாது.”

“அதே. ஆனா உங்க ஆபீஸ்ல எவ்வளவு பின்னால போய்ப் பார்க்கணும்னு விதி இருக்கு. இதுல அதுவும் கிடையாது. விலை ஏறினா அவசரமாத் தண்ணி பாய்ச்சுவான், சீக்கிரம் பூக்கும். விலை இறங்கினா கண்டுக்காம விட்டுருவான். எவ்வளவு பின்னால பார்க்கறதுங்கறதே இன்னைக்கு விலையைப் பொறுத்து நீளுது, சுருங்குது. இப்படி ஒரு சிக்கலுக்கு விடைன்னு ஒண்ணு இருக்கா? அதான் என் கேள்வி. என்ன விடைன்னு நான் கேக்கல.”

அதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டதற்கு, சுவரில் தொங்கிய திண்டுக்கல் தாலுகா வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரிக்கச் சொன்னார். எங்கள் பியூன் காதர் விரித்தான்.

“தாலுகாவுல இருக்கற ஒவ்வொரு இடத்துக்கும் இந்தப் படத்துல ஒரு புள்ளி இருக்குல்ல? இப்ப படமும் தாலுகாவுக்குள்ளதான் கிடக்குது. அப்படின்னா ஏதோ ஒரு இடம் சரியாத் தன் புள்ளிக்கு நேர் கீழயே இருந்தாகணும். கொஞ்சங்கூட விலகாம. நான் சமன்பாட்டை இந்தப் படம் மாதிரி மாத்திட்டேன். அந்த அசையாத புள்ளிதான் விடை.”

“எந்தப் புள்ளி சார்?” என்று காதர் குனிந்து தேடினான்.

“அது தெரிய வேண்டியதில்ல. இருக்கு.”

“ஆளு இல்லாத விசில் மாதிரியா சார்?”

“அதுக்கு நேர் எதிர், காதர். இங்க ஆளு உண்டு. முகவரிதான் தெரியாது.” பிறகு வரைபடத்தின் ஓரத்தைக் காலால் மெல்லத் தட்டினார். “ஒரே ஒரு நிபந்தனை. படம் முழுசும் தாலுகாவுக்குள்ளயே கிடக்கணும். ஒரு மூலை எல்லையைத் தாண்டி வெளியே போச்சுன்னா உத்தரவாதம் இல்லை. அப்ப புள்ளி இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.”

அன்று இதை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

ஆய்வேடு அறுபதாம் வருடக் கடைசியில் போயிற்று. அந்தத் தை மாதம் என் தங்கை கல்யாணத்துக்குப் பூச் சொல்ல அவரோடு ஊருக்குப் போனேன். தோட்டத்து வரப்பில் அவருடைய அப்பா நின்றிருந்தார். கையில் கவாத்துக் கத்தி.

“சார், நீங்க படிச்சவுக, நீங்களே கேளுங்க,” என்று ஆரம்பித்தார். “இம்புட்டு வருசமா மல்லியப் பத்தி எழுதுறானே, ஏலே, மாசியில என்ன விலை போகும்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“விலை என்னன்னு சொல்ல முடியாதுப்பா. ஒரு விலை இருக்கும்னு சொல்லலாம்.”

“அதத்தான் சந்தையில டீ விக்கிறவனும் சொல்றானே!”

“அவன் நிரூபிக்கலையே.”

கிழவர் என் பக்கம் திரும்பினார். “இவனுக்குக் காலேஜுல வேலை இருக்கறது நெசந்தானா சார்?”

“நெசந்தாங்க. நான்தான் உத்தரவு டைப் பண்ணினேன்.”

“அப்ப சரி. அது ஒண்ணாவது இருக்கு.”

மகன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அடுத்த மூன்று வருடம் பார்க்கவில்லை.

ஆய்வேடு போய் நாலைந்து மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அலுவலகத்துக்கு வந்து, எங்களிடம் இருந்த பிரதியைக் கேட்டார். கொடுத்தேன். நின்றபடியே முப்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. கைக்குட்டை வெளியே வந்தது.

“என்ன சார்?”

“இந்த வரி.” விரலை வைத்தார். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘இந்தத் தொகுதி தனக்குள்ளேயே செல்கிறது என்பதை எளிதில் காணலாம்.’

“அதுக்கென்ன?”

“அன்னைக்குச் சொன்னேன்ல, படம் முழுசும் தாலுகாவுக்குள்ள கிடக்கணும்னு? அது கிடக்குதுன்னு சொல்ற வரி இதுதான். எளிதில் காணலாம்னு எழுதியிருக்கேன். எழுதும்போது கண்டேன் சார். சத்தியமாக் கண்டேன். இப்ப முயற்சி பண்ணிப் பார்க்கறேன், காண முடியல.”

கணிதம் படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். எங்கள் குமாஸ்தாக்கள் தப்பைத் தப்பாகவே எழுதுவார்கள், கூட்டிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். இவர்கள் ஒன்றை முழுவதுமாகக் கண்டுவிட்ட நம்பிக்கையில், கண்ட வழியை எழுதாமல், ‘எளிது’ என்று ஒரு சொல்லைப் போட்டு மேலே போய்விடுகிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் வழி புல் மூடிக் கிடக்கிறது.

“அப்ப தப்பா?” என்றேன்.

“தப்புன்னு சொல்லல. எளிதில்லைன்னு சொல்றேன். அது விழுந்தா அதுக்குப் பின்னால எழுபது பக்கமும் விழும்.”

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சமர்ப்பித்த ஆய்வேட்டில் தேர்வாளர் கேட்டாலொழிய ஒரு எழுத்தும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது. வேண்டுமானால் திரும்பப் பெறலாம். பெற்றால் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். “இல்லேன்னா பேசாம இருங்க. தேர்வாளர் பார்த்துக் கேட்டா அப்பப் பார்த்துக்கலாம். பார்க்கலேன்னா நல்லதாப் போச்சு.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதான் சார் பயமா இருக்கு. அவர் தப்புன்னு சொன்னாக்கூட எனக்குத் தூக்கம் வந்துரும். கவனிக்காம சரின்னு எழுதிட்டா? இல்லாத ஒண்ணை இருக்குன்னு முத்திரை குத்தி, பட்டமும் குடுத்து, என் பேருக்கு முன்னால போட்டுருவாங்க. நான் அதைச் சுமந்துக்கிட்டுத் திரியணும்.”

ஆறு மாதம் முடிந்தது. முதல் நினைவூட்டலை நான் எழுதினேன். இரண்டாவதை இன்னும் கொஞ்சம் பணிவாக எழுதினேன். மூன்றாவதை அப்படி எழுதவில்லை. வெளிநாட்டுத் தேர்வாளரிடமிருந்து அறிக்கை எதிர்பார்க்கப்படுகிறது என்று அச்சிட்ட அட்டை ஒன்று வந்தது. எதிர்பார்ப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

வகுப்பில் அவருடைய போக்கு மாறிற்று. ‘தெளிவாக’, ‘எளிதில்’ என்ற சொற்களைப் பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டார். பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் வந்தால், அது எப்படி எளிது என்று காட்டாமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். முதல் பருவத்தில் முடிக்க வேண்டிய பாடம் பங்குனி வரை நீண்டது. பாடம் முடியவில்லை என்று பிரின்சிபால் மெமோ கொடுத்தார். அதை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டியவன் நான். மறுநாள் வந்த பதிலில் ஒரே வாக்கியம்: “இரண்டாம் அத்தியாயத்தின் ஒரு வரியைக் கடந்து வர இயலவில்லை, வருந்துகிறேன்.” பிரின்சிபால் அதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவருக்கு லீவு ஏதாவது பாக்கி இருக்கா?” என்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் அவர் மனைவி ஒரு மதியம் டிபன் கேரியரோடு அலுவலகத்துக்கு வந்தார். சார் சாப்பாட்டை மறந்து வந்துவிட்டாராம். கேரியரைக் காதரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, போகாமல் கதவோரம் நின்றார்.

“அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? இவுகளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“சாப்பிடுறப்ப வெஞ்சனம் என்னன்னு கேட்டாத் தெரியாதுங்கறாக. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே தட்டுல விரலால கோடு போடுறாக. நேத்து நான் சும்மா, ‘இந்தக் கத்திரிக்கா சொத்தைன்னு பார்த்தாலே தெரியுது’ன்னேன். ‘எப்படித் தெரியுது? பார்த்தா எப்படித் தெரியுது?’ன்னு எந்திரிச்சு வந்துட்டாக. அறுத்துக் காட்டினேன். நல்ல காயாத்தான் இருந்துச்சு.”

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“எனக்குப் பட்டமெல்லாம் வேணாம்ணே. அந்த வரி சரின்னோ தப்புன்னோ யாராச்சும் சொல்லிட்டாப் போதும். தப்புன்னாலும் தாங்கிக்குவாக. ரெண்டுமில்லாம இருக்கறதத்தான் தாங்க முடியல. அது எப்பண்ணே வரும்?”

“விதிப்படி ஆறு மாசத்துல வரணும்மா.”

“இப்ப எம்புட்டு ஆச்சு?”

“ரெண்டு வருசம்.”

அந்த அம்மாள் என் மேசையையும், பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்த விதிப் புத்தகங்களையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். என் உத்தியோக காலத்தில் என்னிடம் பலர் கத்தியிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

அதற்குப் பிறகு இருக்கா சார் ஒரு காரியம் செய்தார். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தான் எழுதிய வரி நிரூபிக்கப்படவில்லை, இதைத் தேர்வாளருக்குத் தெரிவித்துவிடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். தன் ஆய்வேட்டின் ஓட்டையைத் தானே காட்டிக்கொடுக்கும் வேட்பாளருக்கு விதி என்ன என்று புத்தகம் புத்தகமாகத் தேடினேன். அப்படி ஒருவர் இருப்பார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பிரின்சிபால் மேலனுப்ப மறுத்துவிட்டார். “பாஸாகி வந்தா காலேஜுக்கே முதல் டாக்டர். தானே போய்த் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கறேங்கறார். கேட்டாப் பதில் சொல்லட்டும். கேக்காம ஏன் சொல்லணும்?”

இருக்கா சாரை வெளியே அழைத்துவந்து சொன்னேன். உரிய வழியாகப் போகும் கடிதத்துக்கு முன்நகல் ஒன்றை நேரடியாக அனுப்பிக்கொள்ள விதியில் இடம் உண்டு. மூலக் கடிதம் பிரின்சிபால் மேசையில் கிடக்கும் வரை முன்நகல் முறையானதே. மூலம் என்றைக்கும் புறப்படாவிட்டால் என்ன செய்வது என்று அதில் சொல்லவில்லை. அன்றே பதிவுத் தபாலில் அனுப்பினோம். கைக்குட்டை நாலைந்து நாள் ஓய்ந்திருந்தது. பிறகு மறுபடி வந்துவிட்டது.

“சார், ஒரு சந்தேகம்,” என்றார் ஒருநாள். “எனக்கு இப்ப அந்த வரியைவிட வேற ஒரு கேள்வி பெரிசா இருக்கு. அந்தத் தேர்வாளர் இருக்காரா?”

“பேரு, முகவரியோட ஒருத்தரை நியமிச்சிருக்காங்க சார்.”

“அஞ்சே காலுன்னு நேரம் சொன்னாப்பலயா?”

அறுபத்து மூன்றாம் வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். ஏழு பக்கம்.

“கண்டுட்டேன்,” என்றார். “வரி சரிதான். ஆனா எளிதில்ல. ஏழு பக்கம் வேணும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்பாடா. முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சுது? இதை எங்க வைக்கிறது? அவர் கேக்காம சேர்க்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

சொன்னது நான்தான். விதியும் அதுதான். அந்த ஏழு பக்கத்தையும் ஒரு உறையில் போட்டு என் அலமாரியில் வைத்தேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து கேட்டு வாங்கி, ஜன்னலோரம் நின்று ஒருமுறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். சில நாள் இரண்டு தடவை. வீட்டில் ஒரு நகல் இருந்தது. அதை அவர் நம்பவில்லை. இப்போது அவருடைய பயம் வேறு விதமாகிவிட்டது. வரி உண்மை. அதன் நிரூபணம் ஒரு கல்லூரி அலமாரியில் இருக்கிறது. அது இல்லாத ஆய்வேடு கடல் கடந்து யார் மேசையிலோ இருக்கிறது. அந்த ஆள் இன்றைக்கே ‘தள்ளுபடி’ என்று எழுதலாம். ‘சிறப்பு’ என்று எழுதலாம். இரண்டுமே அநியாயம். இரண்டையும் தடுக்க அவருக்கு ஒரு அஞ்சல் தலை ஒட்டக்கூட உரிமை இல்லை.

“அவர் படிச்சா அந்த வரியில நின்னுதான் ஆகணும்,” என்பார். “நிக்கலேன்னா படிக்கலேன்னு அர்த்தம்.”

கடிதம் வந்தபோது நான் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் உறைக்குள் இரண்டு தாள். முதலாவது பதிவாளர் எழுதியது: தேர்வாளரின் கடித நகல் இணைக்கப்பட்டுள்ளது, வேட்பாளரின் பதிலை உடனே அனுப்புக. எங்கள் முன்நகலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது அங்கேயே ஏதோ மேசையில் படுத்துவிட்டது என்று புரிந்தது. இரண்டாவது தாளைப் படித்தேன். மறுபடி படித்தேன்.

வந்த தபாலை முத்திரை குத்தி, எண் போட்டு, பிரின்சிபால் பார்வைக்கு வைத்த பிறகே உரியவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு நாள் அதையெல்லாம் விட்டேன். அலமாரியைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

கடிதத்தை நீட்டினேன். மேடையில் நின்றபடி படித்தார். தேர்வாளர் எழுதியிருந்தது இவ்வளவுதான். முப்பத்தொன்பதாம் பக்கத்தில் ஒன்றை எளிதில் காணலாம் என்று வேட்பாளர் கூறுகிறார். எனக்கு அது எளிதாக இல்லை. உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் நிரூபிக்கவும் முடியவில்லை, பொய் என்று காட்டவும் முடியவில்லை. பலமுறை முயன்று தோற்றதால்தான் அறிக்கை எழுதாமல் இருந்துவிட்டேன். தாமதத்துக்கு வருந்துகிறேன். வேட்பாளர் எனக்கு விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முன் வரிசையில் ஒரு மாணவன் பாதி எழுந்தான். “சார், கெட்ட சேதியா சார்?”

“இல்லப்பா. உக்காரு. ஒருத்தர் படிச்சிருக்கார்.” பிறகு என்னைப் பார்த்து, கிட்டத்தட்டக் கெஞ்சுவதுபோல், “சூப்பிரண்டு சார், அவருக்கும் தெரியலையாம்,” என்றார்.

உறையைக் கொடுத்தேன். ஏழு பக்கத்தையும் புரட்டிக்கொண்டே வந்தவர் ஐந்தாம் பக்கத்தில் நின்றார். நெற்றி சுருங்கியது.

“இங்க ‘தெளிவாக’ன்னு ஒண்ணு போட்டிருக்கேனே,” என்றார்.

எழுந்தார். பலகையில் இருந்த பாடத்தைக் கையாலேயே அழித்தார். மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக என்ன வர வேண்டுமோ அதை எழுத ஆரம்பித்தார். நான் வாசற்படியில் நின்றேன். மாணவர்களுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருடைய கை எங்கே தயங்குகிறது, எங்கே தயங்காமல் போகிறது என்பதை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பலகையின் நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. வெகுநேரம் நின்றது. மணி அடித்தது. யாரும் எழவில்லை. பிறகு கை நகர்ந்தது, கீழே வந்தது, கடைசி வரியின் அடியில் ஒரு கோடு போட்டது. பலகை முழுவதும் நிரம்பிவிட்டது. வலது மூலையில் மாணவர்கள் காலையில் எழுதி வைத்த தேதியை மட்டும் அவர் தொடவில்லை: 17-2-64.